விலையிலா வில்லைகள்

வரலாறு என்றவுடன் கோட்டைகளையும் கோபுரங்களையுமே நாம் எண்ணுகிறோம். உள்ளங்கையில் ஒளிந்துவிடும் சிறு பொருளுக்கும் வரலாறு உண்டு. பாலிமர் களிமண்ணாற் செய்யும் சிற்றுருக்களும், அவற்றைச் செய்வோர் தமக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அத்தகையன.

பெயரிற் களிமண் இருப்பினும் இதில் மண் இல்லை. பாலிவினைல் குளோரைடு என்னும் நெகிழிப் பொடியை, அதனை இளக்கும் பொருளோடும் வண்ணங்களோடும் சேர்த்துப் பிசைந்த மாவே இது. இதற்குச் சூளை வேண்டா. ரொட்டி சுடும் வீட்டடுப்பில் 110 முதல் 130 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இறுகிவிடும்.

இதன் பிறப்புப் போர்க்காலத் தட்டுப்பாட்டோடு தொடர்புடையது. கேத்தே குரூசே ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர். 1939ஆம் ஆண்டை ஒட்டிப் பொம்மைத் தலைகளுக்குரிய மூலப்பொருள் அரிதாகவே, அவர்தம் பட்டறைக்காக இத்தகைய மாவொன்று சோதிக்கப்பெற்றது. பட்டறைத் தொழிலுக்கு அது ஒத்துவரவில்லை. ஆயினும் அவர் மகள் சோஃபி அதனைக் கைவிடவில்லை. ‘ஃபிஃபி’ என்னும் செல்லப் பெயருடைய அவ்வம்மையார், 1954இல் தம் பெயராலேயே அதனை விற்கத் தொடங்கினார். 1964இல் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் செய்முறையைப் பெற்றது. 1966இல் ‘ஃபிமோ’ அங்காடிக்கு வந்தது. அமெரிக்காவின் ‘ஸ்கல்பி’யும், மின்மாற்றிகளின் வெப்பத்தைக் கடத்துதற்கென ஆக்கப்பெற்று, அதற்கு உதவாமற் போன கலவையே. தொழிற்சாலை வேண்டாவென்றதைக் கலைஞரின் கை ஏற்றுக்கொண்டது.

அக்கை, கண்ணாடித் தொழிலிலிருந்து ஒரு நுட்பத்தையும் கடன் கொண்டது. பல வண்ண இழைகளை அடுக்கித் தண்டாக்கி, இழுத்து மெலிதாக்கிக் குறுக்கே அரிந்தால், வில்லைதோறும் ஒரே பூ மலரும். எகிப்தியர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்ணாடியில் இவ்வாறு முகங்களை அமைத்தனர். வெனிஸ் நகரை அடுத்த முரானோத் தீவினர் வளர்த்த இக்கலைக்கு ‘மில்லெஃபியோரி’, அதாவது ‘ஆயிரம் பூக்கள்’ என்று பெயர். நம் அரிக்கமேட்டிலும் கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கியே சிறு மணிகளைச் செய்தனர். அவர்தம் முறை வேறு. ஒன்றைப் பலவாக்கும் அறிவு ஒன்றே.

தண்டு ஒன்று, வில்லை பல. அத்தனையும் ஒருவருக்கு எதற்கு? இங்கேதான் மாற்று வழக்கம் வேர்கொள்கிறது. பன்னிருவர் கூடினால், ஒவ்வொருவரும் ஓர் அங்குலச் சதுர வில்லைகள் பன்னிரண்டு செய்து பொறுப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புவர். அவர் பிரித்தடுக்கித் திருப்பி அனுப்ப, ஒவ்வொருவர் கைக்கும் பன்னிருவர் கைவண்ணமும் வந்து சேரும். 1997இல் சூரிச் நகரில் தோன்றிய கலைஞர் பரிமாற்று அட்டைகளுக்கும், மாற்றலாம், விற்கலாகாது என்பதே விதி.

தேர்ந்தவர் பல நாள் உழைத்த வில்லைக்கு ஈடாகப் புதியவரின் கோணல் வில்லை வருவது நீதியோ எனக் கேட்பாருண்டு. பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்பார்த்தே நாளைக் கழிக்கும் எம் போன்றார்க்கும் முதலில் அவ்வையம் எழுந்தது. எண்ணிப் பார்க்குங்கால் தெளிந்தோம். தேர்ந்தவர் வில்லை புதியவருக்கு ஆசானாகிறது. கோணல் வில்லையோ, தேர்ந்தவருக்குத் தம் முதல் நாளை நினைவூட்டுகிறது. இக்கணக்கு எப்பேரேட்டிலும் ஏறாது. ஆயினும் இருவருக்கும் இதில் இழப்பில்லை.