பட்டையும் இலையும் மாத்திரையும்

உதகமண்டலம் சென்று திரும்புவோர் கையில் தைலப் புட்டி இல்லாதிருப்பது அரிது. நீலகிரித் தைலம் என்று நாம் வாங்குவது, 1843இல் இம்மலைக்கு வந்து சேர்ந்த ஆஸ்திரேலிய மரமாகிய யூகலிப்டஸின் இலையிலிருந்து வடிப்பது. அதனருகிலேயே விற்கும் ‘விண்டர்கிரீன்’ தைலமோ இம்மலையில் இயல்பாகவே வளரும் ஒரு புதர்ச்செடியின் கொடை. மூட்டுவலிக்கு அதைத் தேய்ப்போர், ‘பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?’ என்பர். மூலிகை வேறு, ஆங்கில மருந்து வேறு என்னும் இந்த எண்ணத்தை நீலகிரியின் வரலாறே மறுக்கிறது.

தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனாச் செடிகளைக் கொணர்ந்து, 1860இல் மார்க்கம் இம்மலையேறினார். உதகைத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாவை வளர்த்தார். பட்டை உரித்த இடத்தைப் பாசியால் போர்த்தி, மீண்டும் பட்டை வளரச் செய்தது அவருடைய உத்தி. நடுவட்டத்தில் உழைத்தோருள் சீனக் கைதிகளும் இருந்தனர். மலைக்காய்ச்சலிலிருந்து முதலில் காக்கப்பட வேண்டியவர்கள் வெள்ளையரின் படையினரே. ஏழைகளுக்குக் கொயினா எட்டியது பிறகுதான்.

அப்பட்டையில் கொயினாவுடன் குவினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகிய சத்துக்களும் உண்டு. 1866இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் மூவிடத்தும் குழுக்கள் அமைத்து இவற்றின் காய்ச்சல் தீர்க்கும் ஆற்றலைச் சோதித்தனர். இவற்றுள் குவினிடினுக்கு வேறொரு வாழ்வு காத்திருந்தது. 1918இல், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அது சீராக்குமெனக் கண்டனர். அதே இதயத்துக்கு 1785 முதலே பேர்பெற்ற மருந்து டிஜிடாலிஸ் இலை; டிகாக்ஸின் மாத்திரை பிறந்ததும் அச்செடியின் இனத்திலிருந்துதான். இவ்விரண்டையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுப்பது பல பத்தாண்டுகளாக வழக்கமாயிருந்தது. டிகாக்ஸின் உடலைவிட்டு வெளியேறுவதைக் குவினிடின் தடுக்கிறது என்றும், இரத்தத்தில் அதன் அளவு சுமார் இருமடங்காகிறது என்றும் 1978இல்தான் வெளிப்பட்டது. அளந்து, எழுதி, கண்காணித்துக் கொடுத்த இரு மருந்துகளின் உறவே அத்தனை காலம் மறைந்திருந்ததென்றால், எவரும் அளக்காத தைலத்தைப் பற்றி என் சொல்வது!

அத்தைலத்தையும் அன்றே ஆராய்ந்தவர் உண்டு. சிங்கோனாப் பட்டையைப் பகுத்தாய அரசு அமர்த்திய வேதியியலறிஞர் பிரௌட்டன், நீலகிரி விண்டர்கிரீன் இலையையும் வடித்துப் பார்த்து, அதன் எண்ணெய் கனடா நாட்டு விண்டர்கிரீன் எண்ணெயை ஏறத்தாழ ஒத்ததெனக் கண்டார். அது பெரும்பாலும் மெதில் சாலிசிலேட். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தையின் உயிரைக் குடிக்க அது போதும். தோலின் வழியாகவும் அது உட்புகும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் இத்தகைய தைலத்தைத் தாராளமாகத் தேய்த்து, இரத்தக் கசிவுக்கு ஆளான நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அந்த வார்ஃபரினுக்கும் மூலம் ஒரு புல்லுணவே: கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மாண்டதை ஆராய்ந்த வழியில் பிறந்தது அது.

இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தைத் தனிச் சரக்குகளுக்கும், ஐந்தாம் பாகத்தைக் கூட்டு மருந்துகளுக்கும் ஒதுக்கினார். தனியே ஒன்றாயிருப்பது கூடும்போது வேறாகலாம் என்பது நம் ஹகீம்களுக்குப் புதிதன்று. ஆயினும் அவர்கள் கூட்டியது தம் கையால், தம் கல்வத்தில். இன்றோ மருத்துவமனை மாத்திரையும் மலைத்தைலமும் கூடுவது நோயாளியின் குருதியில். அங்கே கூட்டுவோன் எவனுமில்லை. ‘வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீரா?’ என்று மருத்துவர் கேட்டால், நம் பெரியவர் ‘இல்லை’ என்றே விடையளிப்பார். தைலத்தை அவர் சாப்பிடுவதில்லையே!