மருத்துவக் கல்லூரி வாயிலும் மாநில எல்லையும்

நோய் வருவதற்குச் சாதி பேதம் இல்லை. ஆயினும் நோய் தீர்க்கும் கல்வியைப் பெறும் வாய்ப்பு நெடுங்காலம் எல்லா வகுப்பாருக்கும் ஒரே அளவில் கிட்டியதில்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் மேனாட்டு மருத்துவக் கல்விக்கு 1835ஆம் ஆண்டில் அடிகோலப்பட்டது. சென்னையில் பெண்கள் அக்கல்வியில் சேர மேலும் 40 ஆண்டுகள் காத்திருந்தனர். 1875இல்தான் மேரி ஷார்லீப் முதலிய நால்வருக்கு அங்கே இடம் கிடைத்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பிற்பட்ட வகுப்பினருக்கும் அவ்வாயில் திறந்த வரலாறோ இதனினும் நீண்டது. அவ்வரலாற்றில், சொந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் தமிழர் குறிப்பாக அறிந்திருக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

1950இல் அன்றைய சென்னை ராஜ்யத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தம் 330 இடங்கள் இருந்தன. அவற்றுள் 17 வெளி ராஜ்ய மாணவர்க்கும், 12 அரசின் விருப்புரிமைக்கும் விடப்பட்டன. எஞ்சியவை வகுப்புவாரி உத்தரவின்படி பங்கிடப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு.

இவ்வுத்தரவை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கல்வி நிலையத்தில் சேர்வதற்குச் சாதியும் மதமும் தடையாகக் கூடாது என்ற அடிப்படை உரிமைக்கு இம்முறை மாறானது என்று 1951 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அரசுப் பணிகளில் ஒதுக்கீடு செய்ய அரசியல் சட்டம் வெளிப்படையாக இடம் தந்திருந்தது. கல்விக்கு அத்தகைய விதி அப்போது இல்லை. தென்னாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்தி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்துக்குத் தனி ஏற்பாடுகள் செய்ய அதுவே வழிவகுத்தது. ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றி எழுந்த வழக்கு நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்தது.

அளவைப் பற்றிய வினா அடுத்து எழுந்தது. மைசூர் அரசு 1962இல் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் இடங்களில் 100க்கு 68 வரை ஒதுக்கியது. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று கூறி, இத்தகைய ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்கு மேற்படலாகாது என்றது. இதற்கிடையே பொருளுதவியும் வளர்ந்து வந்தது. மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கு 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்குத் தொடங்கிய மத்திய அரசின் உபகாரச் சம்பளம், 1948இல் பழங்குடியினருக்கும் விரிவாக்கப்பட்டது. ஒதுக்கீட்டினால் இடம் கிடைத்தாலும் கட்டணமும் விடுதிச் செலவும் புத்தக விலையும் ஏழை மாணவனைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதை இத்திட்டம் உணர்ந்திருந்தது.

இனி, வெளியூர் வாழ் தமிழரைத் தொடும் பகுதிக்கு வருவோம். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரதவாசிகளுக்கு விலக்களித்து, மற்றவரிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்கப்பட்டது. தில்லி மாணவர் ஒருவர் இதனை எதிர்த்தார். பிறந்த இடத்தைக் காரணமாக்கி வேற்றுமை காட்டலாகாது. ஆனால் வசிக்கும் இடத்தைக் கொண்டு வேறுபடுத்துவது அதனின் வேறானது என்று கூறி, 1955இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. மாநில எல்லை அன்றே கல்லூரி வாயிலுக்கு வந்துவிட்டது.

இதனினும் கடுமையான வழக்கொன்று பம்பாயில் எழுந்தது. மத்திய அரசைச் சேர்ந்த உர நிறுவனத்தில் பணியாற்றிய தந்தையுடன் ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் வந்து, அந்நகரிலேயே பயின்ற பழங்குடி மாணவர் ஒருவர், அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். அவருடைய வகுப்பு ஆந்திரப் பட்டியலில் உள்ளது, மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை என்று மறுக்கப்பட்டது. 1990இல் அரசியல் சட்ட அமர்வு அம்மறுப்பு சரியென்றது. 341, 342ஆம் பிரிவுகள் வகுப்புகளை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே அறிவிக்கின்றன. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர் கண்ணுக்கு 'பொறுத்து' என்பது சிறு சொல்லாகவே தோன்றும். ஆயினும் ஒரு மாணவனின் எதிர்காலம் அச்சொல்லின் மேல் நின்றது. ஒரே வகுப்புப் பெயர் இரு மாநிலப் பட்டியல்களில் இருந்தாலும் குடிபெயர்ந்தவருக்கு அவ்வுரிமை தானே வந்துவிடாது என்று 1994இல் மற்றொரு தீர்ப்பும் தெளிவாக்கியது.

இதற்கு நீதிமன்றம் கூறிய காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஓரிடத்தில் ஒரு வகுப்பு படும் இழிவு வேறிடத்தில் அதே அளவில் இராமற்போகலாம். வந்தவர்க்கு அளித்தால் அம்மண்ணின் தாழ்த்தப்பட்டோர் பங்கு குறையும். ஆயினும் பிழைப்பைத் தேடியோ பணி மாற்றத்தாலோ இடம் பெயர்ந்த குடும்பத்தின் வறுமையும் தாழ்வும் ரயிலேறும்போது பின்தங்கி விடுவதில்லை. தமிழ்நாட்டு ஏற்பாடுகளும் தொலைவிலிருப்போர்க்கு எட்டுவது அரிது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 100க்கு 7.5 இடங்கள் அளிக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் அம்மாநிலப் பள்ளிகளில் பயின்றோர்க்கே உரியது.

எல்லை கடந்த வாயில் ஒன்றும் உண்டு. வசிப்பிடத்தைக் கொண்டு எல்லா இடங்களையும் அடைத்துவிடலாகாது என்ற 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1986இல் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 100க்கு 15 அகில இந்தியத் தொகுப்புக்கு வந்தன. அத்தொகுப்பில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வர 2007 ஆயிற்று. பிற்பட்டோருக்கு 100க்கு 27 என்ற ஒதுக்கீடு 2021இல்தான் அறிவிக்கப்பட்டது.

வாயிலைக் கடந்ததும் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் வேற்றுமைக்கு உள்ளாகின்றனர் என்ற முறையீட்டை ஆராய, 2006இல் சுக்தேவ் தோரட் தலைமையில் குழு அமைந்தது. வகுப்பறையிலும் விடுதியிலும் நிலவிய ஒதுக்குதலை 2007ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைத்தது. ஆங்கிலத்திலும் அடிப்படைப் பாடங்களிலும் துணை வகுப்புகள் வேண்டுமென்றது. இடம் தருவது பாதி உதவியே. அருகிருந்து கைகொடுப்பது மறுபாதி.

வெளி மாநிலங்களில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் விழாக்களைச் சிறப்புற நடத்துகின்றன. அவற்றோடு இப்பணியையும் மேற்கொள்ளலாம். தந்தை பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு, குடியேறிய மாநிலத்து அதிகாரியும் பிள்ளைக்குச் சொந்த மாநிலத்து வகுப்பைக் குறித்துச் சான்று அளிக்க மத்திய அரசு விதிகளில் இடமுண்டு. அகில இந்திய இடங்களுக்கு அது பயன்படும். சொந்த மாநிலத்து இடங்களுக்கான பிறப்பிடச் சான்றிதழ் விதிகள் ஆண்டுதோறும் வரும் விண்ணப்பக் கையேட்டில் உள்ளன. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகு இவற்றைத் தேடுவது காலங்கடந்த முயற்சியாகும். பத்தாம் வகுப்பிலேயே தொடங்குதல் நன்று. சங்கத்தில் விவரம் அறிந்த இருவர் மாதம் ஒரு மாலை இதற்கென அமர்ந்தாலே போதும். ஏழைத் தொழிலாளியின் மகளும் கல்லூரி வாயிலில் உரிய தாள்களுடன் உரிய நாளில் நிற்பாள்.