மனைவியிடம் அன்பு (இஸ்லாம்)
மணவாழ்க்கையை அன்பும் கருணையும் நிலைபெறும் சாந்தியின் உறைவிடமாகக் குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் வருணிக்க, 4ஆம் அத்தியாயமோ மனைவியரோடு நன்முறையில் வாழ்தலைக் கணவரின் கடமையாகவே விதிக்கின்றது. இவ்விதிக்கு உயிருள்ள வியாக்கியானம் நபிகள் நாயகத்தின் இல்லறமே; மாதவிலக்கு நாட்களிலும் அவர்தம் மனைவி ஆயிஷா நாயகி நீரருந்திய பாத்திரத்தை வாங்கி, அவர் வாய் வைத்த இடத்திலேயே தாமும் வாய் வைத்துப் பருகியதும், பிரயாணத்தினிடையே அவருடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், வீட்டு வேலைகளில் துணை நின்றதும் நபிகளாரின் சொல்லையும் செயலையும் பதிவுசெய்த ஹதீஸ் தொகுப்புகளிற் காணப்படுகின்றன. இவற்றினும் உள்ளத்தை உருக்குவது, மற்றொரு மனைவியான கதீஜா நாயகி மறைந்த பின்னரும், ஆடு அறுக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரின் தோழியருக்கு இறைச்சியைப் பங்கிட்டு அனுப்பிவந்த மாறாப் பிரியமாகும். 632இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின் பேருரையிலும் பெண்களை நன்கு நடத்துமாறு நபிகளார் வற்புறுத்தினார். மனைவிக்கு ஊட்டும் ஒரு கவளமும் புண்ணியமாகவே கொள்ளப்படும் என்பதை, நோயுற்றுக் கிடந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் என்னும் தோழரிடம் எடுத்துரைத்தார்.