படை கூடாது என்கிறது அரசமைப்பு. 2 லட்சம் பேருக்கு மேல் படையில்: ஜப்பானின் 9-ஆவது பிரிவு கடந்து வந்த பாதை

தரைப்படை, கடற்படை, விமானப்படை என எதையும் ஒருபோதும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஜப்பானின் அரசமைப்புச் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டம் 1947, மே 3-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நாள் முதல் இன்றுவரை அதில் ஓர் எழுத்துகூடத் திருத்தப்படவில்லை. எனினும் தரை, கடல், வான் என மூன்று பிரிவுகளும் கொண்ட 'தற்காப்புப் படை' அந்நாட்டில் இயங்கி வருகிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் மட்டும் சுமார் 2.47 லட்சம். 2023-ஆம் நிதியாண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகளில் பாதுகாப்புக்காக 43 லட்சம் கோடி யென் செலவிடுவதென 2022, டிசம்பரில் அந்நாட்டு அரசு முடிவெடுத்தது.

போரில் தோற்ற நாட்டின் படைபலத்துக்கு வென்றவர்கள் வரம்பு விதிப்பது புதிதல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் ராணுவம் 1 லட்சம் வீரர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என வெர்சாய் ஒப்பந்தம் கூறியது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற மேற்கு ஜெர்மனி, பத்தே ஆண்டுகளில், 1955-இல் நேட்டோ கூட்டணியில் உறுப்பினராகிவிட்டது. ஜப்பானின் நிலை இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கு வரம்பு ஒப்பந்தத்தில் அல்லாமல் நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட அரசுகள் பேசி மாற்றிக்கொள்ள முடியும். அரசமைப்பை மாற்ற மக்களிடம் சென்றாக வேண்டும். கடந்த முக்கால் நூற்றாண்டின் ஜப்பானிய அரசியலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே போதுமானது.

ஒரு வாரத்தில் எழுதப்பட்ட வரைவு

1945, செப்டம்பர் 2-ஆம் தேதி டோக்கியோ வளைகுடாவில் நின்ற 'மிசௌரி' போர்க்கப்பலில் சரணாகதி ஆவணம் கையெழுத்தானது. நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக அமெரிக்க ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர் பொறுப்பேற்றார். பழைய அரசமைப்பைத் திருத்துமாறு ஜப்பான் அரசிடம் கூறப்பட்டது. அந்த அரசு தயாரித்த வரைவு போதுமானதாக இல்லை எனக் கருதிய மக்ஆர்தர், 1946, பிப்ரவரியில் தமது அலுவலகத்தினரையே எழுதப் பணித்தார். சுமார் ஒரு வாரத்தில் வரைவு தயாரானது; பிப்ரவரி 13-ஆம் தேதி அது ஜப்பான் அரசிடம் அளிக்கப்பட்டது.

மக்ஆர்தர் அளித்த முதல் குறிப்பில், தற்காப்புக்காகக்கூடப் போர் கூடாது என்ற வாசகம் இருந்தது. வரைவுக் குழுவை வழிநடத்திய அமெரிக்க அதிகாரி சார்லஸ் கேடிஸ் அதை நீக்கினார். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை எந்த நாட்டிடமிருந்தும் பறிக்க இயலாது என்பது அவரது கருத்து. பின்னர் நாடாளுமன்றத்தில் வரைவு விவாதிக்கப்பட்டபோது, துணைக்குழுத் தலைவர் ஹிடோஷி அஷிதா மற்றொரு மாற்றத்தைச் செய்தார். படை வைத்திருப்பதைத் தடை செய்யும் இரண்டாவது பத்தியின் தொடக்கத்தில், முந்தைய பத்தியில் கூறிய நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு என்ற பொருள்தரும் சொற்றொடர் சேர்க்கப்பட்டது. முந்தைய பத்தி பேசுவது நாடுகளுக்கு இடையிலான தகராறுகளைத் தீர்க்கப் போரைக் கையாள்வது பற்றியே. ஆகவே, அந்த நோக்கத்துக்கு அப்பாற்பட்ட தற்காப்புக்குப் படை வைத்துக்கொள்ளலாம் என்று வாதிட இந்தச் சிறு சொற்றொடர் வாசல் திறந்துவிட்டது. நேச நாடுகளின் தூரக்கிழக்கு ஆணையம் இதைக் கவனிக்கத் தவறவில்லை. அமைச்சர்கள் அனைவரும் ராணுவத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி அரசமைப்பில் இடம்பெற அதுவே காரணமாயிற்று.

இந்தப் பிரிவை முதலில் முன்மொழிந்தவர் யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அப்போதைய பிரதமர் கிஜூரோ ஷிதேஹாராவே யோசனை கூறியதாக மக்ஆர்தர் பிற்காலத்தில் தெரிவித்தார். வரலாற்றாய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. வெற்றி பெற்றவர்கள் திணித்த சட்டம் என்று ஒரு தரப்பும், போரால் சலித்த மக்கள் மனமுவந்து ஏற்ற சட்டம் என்று மற்றொரு தரப்பும் இன்றும் வாதிடுவதால், இது வெறும் வரலாற்று ஆர்வத்துக்குரிய கேள்வியாக நின்றுவிடவில்லை.

காவல்துறை என்ற பெயரில் தொடங்கிய படை

அரசமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்த சிறிது காலத்திலேயே, 1950, ஜூன் 25-ஆம் தேதி கொரியப் போர் மூண்டது. ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைகள் கொரியாவுக்கு விரைந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்ப, 75,000 பேர் கொண்ட தேசிய காவல் சேமப் படையை அமைக்க ஜூலை 8-ஆம் தேதி மக்ஆர்தர் கடிதம் மூலம் அனுமதி அளித்தார். கடிதத்தில் அனுமதி என்றே எழுதப்பட்டிருந்தாலும், ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த நாட்டுக்கு அது உத்தரவாகவே அமைந்தது. போரைத் துறக்கும் பிரிவை எழுதச் செய்தவரே படையையும் அமைக்கச் செய்தார். 1946-இல் ஜப்பானின் படைகளைக் கலைத்தது தவறு என்று 1953, நவம்பரில் டோக்கியோ வந்த அமெரிக்க துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன் வெளிப்படையாகவே கூறினார்.

ராணுவம் என்ற சொல்லைத் தவிர்க்கப் புதிய சொற்கள் உருவாக்கப்பட்டன. பீரங்கி பொருத்திய டேங்க் வண்டிகள் 'சிறப்பு வாகனம்' என அழைக்கப்பட்டன. காலாட்படைக்கு 'பொதுப் பிரிவு' என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. நாசகாரிக் கப்பல்கள் 'பாதுகாவல் கப்பல்' ஆயின. இப்பெயர் இன்றும் நீடிக்கிறது. இவற்றைச் சொல் விளையாட்டு எனத் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் இன்றும் ராணுவ நீதிமன்றம் கிடையாது. தற்காப்புப் படையினர் குற்றம் இழைத்தால் பொது நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்படுகின்றனர். பெயரில் தொடங்கிய வேறுபாடு நிர்வாகத்திலும் தொடர்கிறது.

சேமப் படை 1952-இல் பாதுகாப்புப் படையாகவும், 1954, ஜூலை 1-ஆம் தேதி இன்றைய தற்காப்புப் படையாகவும் மாற்றப்பட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் தற்காப்பு உரிமை இயல்பாகவே உண்டு, அதற்குத் தேவையான குறைந்தபட்ச பலம் அரசமைப்பு தடை செய்யும் போர்த்திறன் ஆகாது என்பது அரசின் விளக்கம். 1946-இல் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் ஷிகேரு யோஷிடா, தற்காப்பின் பெயரில் நடக்கும் போரையும் இப்பிரிவு துறக்கிறது என்ற பொருளில் விளக்கம் அளித்திருந்தார். தற்காப்புப் படை அமைந்தபோதும் அவரே பிரதமராக இருந்தார்.

கூட்டணியின் கணக்கு

1951, செப்டம்பர் 8-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் 48 நாடுகள் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே நாளில் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. இரண்டும் 1952, ஏப்ரல் 28-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. ஆக்கிரமிப்பு முடிந்தது, அமெரிக்கத் தளங்கள் அகலவில்லை.

அந்த மாநாட்டில் இந்தியா பங்கேற்கவில்லை. ஆக்கிரமிப்புப் படைகள் தொடர்ந்து தங்க ஒப்பந்தத்திலேயே இடமளித்தால், அது முழு இறையாண்மை பெற்ற ஜப்பான் சுதந்திரமாக எடுத்த முடிவு எனத் தோன்றாது என்பது நேரு அரசு தெரிவித்த ஆட்சேபங்களில் ஒன்று. 1952, ஜூன் 9-ஆம் தேதி இந்தியா தனியாக அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டு, போர் இழப்பீட்டையும் கைவிட்டது. இலங்கை மாநாட்டில் பங்கேற்றது. அதன் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தனே புத்தரின் போதனையைச் சுட்டிக்காட்டி, தமது நாடு இழப்பீடு கோராது என அறிவித்தார். சோவியத் யூனியன் மாநாட்டுக்கு வந்து, கையெழுத்திட மறுத்துத் திரும்பியது. ஜப்பானுக்கும் ரஷியாவுக்கும் இடையே இன்றளவும் அமைதி ஒப்பந்தம் இல்லை.

1951-ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒப்பந்தம் ஜப்பானுக்குச் சாதகமானதாக இருக்கவில்லை. அமெரிக்கா படைகளை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஜப்பானைக் காக்க வேண்டும் என்ற திட்டவட்டமான கடமை அதற்கு இல்லை. ஜப்பானில் பெரும் கலவரம் மூண்டால், அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டால், அதை அடக்கவும் அமெரிக்கப் படையைப் பயன்படுத்தலாம் என்றும் அதில் இருந்தது.

யோஷிடா இதை அறியாமல் ஒப்பவில்லை. ஜப்பான் பெரிய ராணுவத்தை உருவாக்க வேண்டும் என அமெரிக்கா தொடர்ந்து வற்புறுத்தியது. 1953-இல் நடந்த பேச்சில், மூன்று லட்சத்துக்கும் அதிகமான தரைப்படையினர் தேவை என்று அமெரிக்கத் தரப்பு கேட்க, 1.80 லட்சம் பேருக்கு மேல் இயலாது என ஜப்பான் கூறியது. அதற்கு ஜப்பான் காட்டிய காரணங்களில் 9-ஆவது பிரிவும் ஒன்று. அமெரிக்கர்கள் எழுதிய பிரிவை அமெரிக்கர்களிடமே காட்டி, நாட்டின் செல்வத்தைப் படைக்குச் செலவிடாமல் தொழில் வளர்ச்சிக்குத் திருப்பியதே யோஷிடாவின் கொள்கை எனப்படுகிறது.

ஒப்பந்தத்தைத் திருத்தியவர் பிரதமர் நொபுசுகே கிஷி. 1960, ஜனவரி 19-ஆம் தேதி வாஷிங்டனில் கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவின்படி, ஜப்பானின் ஆளுகையில் உள்ள பகுதி தாக்கப்பட்டால் இரு நாடுகளும் பொது ஆபத்தை எதிர்கொள்ளச் செயல்படும். 6-ஆவது பிரிவு தளங்களைப் பயன்படுத்தும் உரிமையை அமெரிக்காவுக்கு வழங்குகிறது. முந்தையதைவிட இது ஜப்பானுக்கு மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதிர்க்கட்சியினரை போலீஸார் அகற்றிய பின் அவையில் அது நிறைவேற்றப்பட்ட விதம் நாட்டைக் கொந்தளிக்கச் செய்தது. ஜூன் 15-ஆம் தேதி நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை கைவிடப்பட்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஜூன் 23-ஆம் தேதி, பதவி விலகுவதாக கிஷி அறிவித்தார்.

கூட்டணியின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. 1972, மே 15-ஆம் தேதி வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த ஒகினாவா, ஜப்பானின் நிலப்பரப்பில் சுமார் 0.6 சதவீதம் மட்டுமே. அமெரிக்கப் படைகள் தனியாகப் பயன்படுத்தும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்குதான் உள்ளது. ஹெனோகோ கடற்கரையில் புதிய தளத்துக்காகக் கடலைத் தூர்ப்பது குறித்து 2019, பிப்ரவரியில் அம்மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 72 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தனர். அது அரசைக் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு என்பதால் பணிகள் தொடர்ந்தன.

நீதிமன்றங்கள் விலகி நின்றன

அமெரிக்கப் படைகள் தங்கியிருப்பது அரசமைப்புக்கு முரணானது என 1959, மார்ச் மாதம் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சுனகாவா வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தெளிவாக அரசமைப்புக்கு விரோதமானதாக இல்லாத வரை, இத்தகைய உயர் அரசியல் தன்மை கொண்ட ஒப்பந்தம் நீதிமன்ற ஆய்வுக்கு அப்பாற்பட்டது என்றது அத்தீர்ப்பு. தற்காப்புப் படையே அரசமைப்புக்கு விரோதமானது என 1973-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அறிவித்ததும் மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. ஆகவே 9-ஆவது பிரிவின் பொருளை நடைமுறையில் தீர்மானித்து வந்தது அமைச்சரவைதான்.

அது தனக்குத்தானே பல வரம்புகளையும் விதித்துக்கொண்டது. அணு ஆயுதம் வைத்திருப்பதில்லை, தயாரிப்பதில்லை, நாட்டுக்குள் அனுமதிப்பதில்லை என்ற மூன்று கோட்பாடுகளை 1967-இல் பிரதமர் ஐசகு சாட்டோ அறிவித்தார். ஆயுத ஏற்றுமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. பாதுகாப்புச் செலவு தேசிய உற்பத்தியில் 1 சதவீதத்தைத் தாண்டாது என 1976-இல் முடிவானது. கூட்டாளி நாடு தாக்கப்படும்போது உதவிக்குச் செல்லும் கூட்டுத் தற்காப்பு உரிமை ஜப்பானுக்கு உண்டு, ஆனால் அரசமைப்பு அதைப் பயன்படுத்த அனுமதிக்கவில்லை என்று 1972-இல் விளக்கம் அளிக்கப்பட்டது.

1991 வளைகுடாப் போர் இந்த அமைப்பை உலுக்கியது. ஜப்பான் சுமார் 1,300 கோடி டாலர் அளித்தது. போர் முடிந்தபின் குவைத் நாளிதழ்களில் வெளியிட்ட நன்றி அறிவிப்பில் ஜப்பானின் பெயர் இல்லை. பணம் மட்டும் போதாது என்ற வாதம் வலுப்பெற, 1992-இல் ஐ.நா. அமைதிப்பணிச் சட்டம் நிறைவேறி, தற்காப்புப் படையின் பொறியியல் பிரிவு கம்போடியா சென்றது. 2004 முதல் 2006 வரை இராக்கின் சமாவாவில் ஜப்பானியப் படையினர் மறுசீரமைப்புப் பணியில் ஈடுபட்டனர். அங்கு சுற்றுப்புறப் பாதுகாப்புக்கு முதலில் நெதர்லாந்து வீரர்களையும், பின்னர் பிரிட்டன், ஆஸ்திரேலிய வீரர்களையும் நம்பியே அவர்கள் இருக்க நேர்ந்தது.

விளக்கம் மாறியது, வாசகம் மாறவில்லை

கிஷியின் பேரனான பிரதமர் ஷின்சோ அபேயின் அமைச்சரவை, 2014, ஜூலை 1-ஆம் தேதி 1972 விளக்கத்தை மாற்றியது. ஜப்பானுடன் நெருங்கிய உறவுள்ள நாடு தாக்கப்பட்டு, அதனால் ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து நேர்ந்து, வேறு வழியும் இல்லாத நிலையில், தேவையான குறைந்தபட்ச அளவில் பலத்தைப் பயன்படுத்தலாம் என்றானது. இதற்கான சட்டங்கள் 2015, செப்டம்பரில் நிறைவேறின. நாடாளுமன்றக் குழு சாட்சியம் கேட்ட அரசமைப்பு வல்லுநர்கள் மூவரும், ஆளுங்கட்சியே அழைத்தவர் உள்பட, அவை அரசமைப்புக்கு முரணானவை என்றே கூறியிருந்தனர்.

2022, டிசம்பர் 16-ஆம் தேதி ஃபுமியோ கிஷிடா அரசு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. எதிரியின் ஏவுகணைத் தளங்களைத் திருப்பித் தாக்கும் திறனைப் பெறவும், 2027-ஆம் நிதியாண்டில் பாதுகாப்புச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக்கவும் முடிவெடுத்தது. இதன் தொடர்ச்சியாக அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணைகள் 400 வாங்கப்படுகின்றன. சீனாவின் கடற்படை வளர்ச்சி, வடகொரிய ஏவுகணைகள், உக்ரைன் போர் ஆகியவை இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

இந்தியாவுடனான ராணுவ உறவும் இக்காலத்திலேயே நெருக்கமடைந்தது. 2017, ஜூலையில் வங்கக் கடலில் நடந்த மலபார் கூட்டுப் பயிற்சிக்கு ஜப்பானின் மிகப்பெரிய போர்க்கப்பல்களில் ஒன்றான 'இசுமோ' வந்தது. ஹெலிகாப்டர் தாங்கி என வகைப்படுத்தப்பட்ட அக்கப்பலில் எஃப்-35பி போர் விமானங்கள் இறங்கும் வகையில் பின்னர் மாற்றங்கள் தொடங்கின. அதன் அதிகாரபூர்வ வகை இன்னும் 'பாதுகாவல் கப்பல்' என்பதே. 2020, செப்டம்பரில் இரு நாட்டுப் படைகளும் எரிபொருள் உள்ளிட்ட பொருள்களையும் சேவைகளையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா ஜப்பானின் ஒப்பந்தக் கூட்டாளி அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் காக்கும் கடமை எதுவும் இவ்வுறவில் இல்லை.

அரசமைப்பைத் திருத்த, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்து, அதன்பின் பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையும் கிடைக்க வேண்டும். 9-ஆவது பிரிவின் இரு பத்திகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, தற்காப்புப் படையின் பெயரை மட்டும் சேர்க்கலாம் என 2017, மே மாதம் அபே யோசனை கூறினார். திருத்தத்தை ஆதரிக்கும் கட்சிகளுக்கு 2016 தேர்தலுக்குப் பிறகு இரு அவைகளிலும் தேவையான பலம் இருந்தும், அவற்றிடையே வாசகத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. பொதுவாக்கெடுப்பு நடத்துவதற்கான சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் இதுவரை ஒரு வாக்கெடுப்புகூட நடத்தப்பட்டதில்லை.