ஓராண்டில் பிறந்த இரு மொழிகளும் அவற்றின் கையேடுகளும்



நிரலாக்கம் கற்க விழையும் பிள்ளைகளிடம் 'எந்த மொழியைக் கற்கிறாய்?' என்று வினவுகிறோம். 'எந்தக் கையேட்டைத் துணைக்கொண்டு கற்கிறாய்?' என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஆசிரியர் அருகில் இல்லாத வேளையில் மாணவனுக்கு ஆசிரியராய் நிற்பது கையேடுதான். அக்கையேட்டை யார் எழுதினார், யார் காக்கிறார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இணைய உலகின் இரு மொழிகளைக் கொண்டு அவ்வரலாற்றைக் காண்போம்.

பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இரண்டும் 1995ஆம் ஆண்டில் தோன்றியவை. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப், தம் சொந்த இணையப் பக்கத்தைப் பேணுவதற்கு எழுதிய கருவித் தொகுப்பை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டார். அதுவே பி.எச்.பி.யாக வளர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கினார். முன்னது இணையத்தளத்தைத் தாங்கும் வழங்கிக் கணினியில் இயங்குவது. பின்னது நாம் பயன்படுத்தும் உலாவியில் இயங்குவதற்கென உருவானது. ஒன்று தனி மனிதரின் தேவையில் பிறந்தது. மற்றொன்று ஒரு நிறுவனத்தின் போட்டியில் பிறந்தது. இந்த வேறுபாடு அவற்றின் கையேடுகளிலும் தொடர்ந்தது.

தன்னார்வலர் எழுதிய கையேடு

பி.எச்.பி. கையேட்டின் உரிமைக் குறிப்பு 1997ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. தொடக்கம் முதலே தன்னார்வலர் குழு ஒன்று அதனை எழுதி வருகிறது. மொழியின் தளமுகவரியை அடுத்து ஒரு செயற்கூற்றின் பெயரைத் தட்டச்சு செய்தால், அதற்குரிய பக்கம் நேரே திறக்கும். பக்கத்தின் அடியில் வாசகர்கள் தம் பட்டறிவைக் குறிப்பாக எழுதிச் சேர்க்கலாம். நூலின் ஓரத்தில் முன்னவர் எழுதிவைத்த குறிப்பைப் பின்னவர் படித்துப் பயனடைவதைப் போன்ற ஏற்பாடு இது. ஜப்பானியம், பிரெஞ்சு, எசுப்பானியம், துருக்கியம் முதலிய மொழிகளிலும் இக்கையேடு கிடைக்கிறது.

பி.எச்.பி.க்கு நெடுங்காலம் முறையான வரையறை நூல் எதுவும் இல்லை. 2014ஆம் ஆண்டில்தான் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முயற்சியால் அத்தகைய வரைவு ஒன்று வெளிவந்தது. அதுவரை கையேடே இலக்கணமாகவும் உரையாகவும் விளங்கியது எனலாம்.

நிறுவனத்தோடு மறைந்த கையேடு

ஜாவாஸ்கிரிப்டின் நிலை வேறு. 1997ஆம் ஆண்டிலேயே எக்மா என்னும் தர அமைப்பு அம்மொழிக்கு முறையான வரையறையை வெளியிட்டது. அது நூற்பாவைப் போலச் செறிவானது. கற்பவருக்கு உரை தேவை. அவ்வுரையை நெட்ஸ்கேப் நிறுவனம் 'டெவ்எட்ஜ்' என்னும் தன் தளத்தில் வழங்கி வந்தது. 1999ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2003ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப்பின் உலாவிப் பிரிவு கலைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு அக்டோபரில் டெவ்எட்ஜ் தளமும் மூடப்பட்டது. உலகெங்கும் மாணவர் பயின்ற ஓர் உரைநூல், அதன் உரிமையாளருக்குத் தேவைப்படாமற்போன அன்றே மறைந்தது.

மொழி மறையவில்லை; உலாவிகளில் இயங்கிக்கொண்டே இருந்தது. அதனைக் கற்பிக்கும் ஏடுகள் மட்டும் இல்லாமற்போயின. மொசில்லா அறக்கட்டளையின் மிட்செல் பேக்கர், ஏ.ஓ.எல். நிறுவனத்துடன் பேச்சு நடத்தி, அப்பக்கங்களை மீண்டும் வெளியிடவும் திருத்தவும் உரிமை பெற்றார். 2005ஆம் ஆண்டில் அவை யாவரும் திருத்தக்கூடிய விக்கி வடிவில் மறுபிறவி எடுத்தன. இன்று எம்.டி.என். என்று அறியப்படும் கையேடு அதுவே. 2017ஆம் ஆண்டில் போட்டியாளர்களான கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலியோரும் அதற்குத் துணைநிற்க முன்வந்தனர்.

சோதனை மீண்டும் வந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பணியாளர்களை நீக்கியபோது, கையேட்டை எழுதிய குழுவும் பெரிதும் பாதிக்கப்பட்டது. இம்முறை கையேடு மறையவில்லை. அதன் உரிமம் திறந்த உரிமமாக இருந்தமையால் பிறர் தொடர்ந்து எழுத முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பக்கங்கள் அனைத்தும் கிட்ஹப் தளத்திற்கு மாற்றப்பட்டன. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அவற்றைப் பேணும் நோக்குடன் 'ஓப்பன் வெப் டாக்ஸ்' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் இல்லாத பாதுகாப்பு 2020ஆம் ஆண்டில் இருந்தது.

'அம்மா' என்னும் சொல் காட்டும் வேறுபாடு

இரு கையேடுகளும் பாடம் நடத்தும் முறையை ஒரு தமிழ்ச் சொல்லால் சோதிக்கலாம். 'அம்மா' என்பதில் மூன்று எழுத்துகள் என முதலாம் ஆண்டு மாணவரும் சொல்வர். பி.எச்.பி.யில் நீளம் காணும் 'ஸ்ட்ர்லென்' என்னும் செயற்கூறோ, யுனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் எழுதப்பட்ட அச்சொல்லுக்கு 15 என்று விடை தரும். ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கு 5 என்று சொல்லும். முன்னது பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என்னும் குறியீடுகளைத் தனித்தனியே எண்ணுகிறது.

பி.எச்.பி. கையேடு, இச்செயற்கூறு எண்ணுவது பைட்டுகளையே, எழுத்துகளை அன்று என்று சுருங்கக் குறிக்கிறது. மூன்று என விடை தரும் வேறொரு செயற்கூறு மற்றொரு பக்கத்தில் உள்ளது. தேடிச் செல்ல வேண்டும். எம்.டி.என். இவ்வேறுபாடு ஏன் நேர்கிறது என்று விரித்துரைக்கிறது. எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் கருவியையும் அறிமுகப்படுத்தி, அது எந்தெந்த உலாவியில் எந்தப் பதிப்பிலிருந்து இயங்கும் என்று அட்டவணை தருகிறது. ஒன்று விரைவில் விடை காட்டும் அகராதி. மற்றொன்று காரணம் கூறும் உரை. இரண்டும் தேவையே.

குறைகளும் உண்டு. பி.எச்.பி. பக்கங்களின் அடியில் உள்ள பழைய குறிப்புகளில் சில காலங்கடந்தவை. எடுத்துக்காட்டாக, மைசீக்வல் தரவுத்தளத்தை அணுகும் பழைய செயற்கூறுகள் 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டன. அவற்றைக் காட்டும் பழைய எடுத்துக்காட்டை அப்படியே படியெடுக்கும் மாணவரின் நிரல் இயங்காது.

ஆகவே, பிள்ளைகள் ஒரு கையேட்டைத் திறக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம். இதனை எழுதியவர் யார்? கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போது? பிழை கண்டால் திருத்த வழி உண்டா?

இவ்வினாக்கள் நமக்கும் உரியவை. மேற்கண்ட இரு கையேடுகளும் இன்னும் தமிழில் இல்லை. நாம் உழைத்து ஆக்கும் பயிற்றுப் பொருள்களோ, பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் இலவச இடத்தில், உரிமக் குறிப்பு ஏதுமின்றிக் கிடக்கின்றன. அவ்விடம் மூடப்பட்டால் அவற்றை மீட்டெடுக்கப் பிறருக்கு உரிமையும் இராது, படியும் இராது. பாடக் குறிப்பின் அடியில் 'யாவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம்' என ஒரு வரி எழுதி, வேறோர் இடத்திலும் ஒரு படி வைப்பது எளிய செயல். டெவ்எட்ஜுக்கு நேர்ந்த கதி நம் ஏடுகளுக்கு நேராதிருக்க, அவ்வரியை இன்றே எழுதுவோம்.