ஒராபி பாஷாவும் சுழல்குழல் துப்பாக்கியும்



ஒராபி பாஷாவைப் பற்றிப் படிப்பிக்கும்போது வகுப்பில் நாம் இரண்டு விஷயங்களைச் சொல்வோம். எகிப்தில் பிரித்தானியரிடம் தோற்று 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டார். 1892இல் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோர் மருதானையில் ஸாஹிராவை ஆரம்பித்தபோது துணை நின்றார். அவருக்கு எதிரே நின்ற ஆயுதங்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவற்றில் ஒன்றின் கதை இது.

அமெரிக்கரான ரிச்சர்ட் கட்லிங் மருத்துவம் படித்தவர். ஆனால் வைத்தியம் பார்க்கவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல் தன் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். பல குழல்கள் ஓர் அச்சைச் சுற்றி வட்டமாக நிற்கும். கைபிடியைச் சுற்றினால் குழல்கள் சுழலும். ஒரு குழல் சுடும்போது மற்றவை வெற்றுக்கோதை வெளியே தள்ளும், புதிய ரவையை ஏற்றும், சூடு ஆறும். அதனால்தான் தொடர்ந்து வேகமாகச் சுட முடிந்தது.

இதைச் செய்ததற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். போரில் காயத்தைவிட நோயால் மடிந்தவர்களே அதிகம் என்பதைக் கண்டாராம். நூறு பேரின் வேலையை ஒருவரே செய்தால் பெரிய படைகள் தேவைப்படாது, மரணங்களும் குறையும் என்று 1877இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நடந்தது என்ன? 1882 ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைப் பீரங்கிகளால் தாக்கியது. பின்னர் கட்லிங் துப்பாக்கிகள் கரையிறங்கின. ரயில் பெட்டிகளுக்குக் கவசம் பூட்டி அவற்றிலும் ஏற்றினார்கள். செப்டம்பர் 13ஆம் திகதி தல் அல்-கபீரில் இருளோடு இருளாக நெருங்கி வந்த படை, விடியும்போது ஒராபியின் அரண்களைத் தாக்கியது. கடற்படையினர் கட்லிங்குகளோடு கூட வந்தார்கள். அந்த வெற்றிக்குக் கட்லிங் மட்டும் காரணமல்ல. பீரங்கியும் துப்பாக்கிமுனைக் கத்தியும்தான் முக்கியம். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிரித்தானியர் தரப்பில் இறந்தோர் 57 பேர். எகிப்தியர் தரப்பில் சுமார் 2000 பேர் என்று கணிக்கிறார்கள்.

அதன்பின் மக்சிம் துப்பாக்கி வந்து கட்லிங்கை ஓரங்கட்டியது. 1911இல் அமெரிக்க இராணுவம் அதைக் கைவிட்டது. ஆனால் ஜெட் விமானங்களின் காலத்தில் எதிரி விமானம் குறியில் நிற்பது ஒரு கணம் மட்டுமே. அந்தக் கணத்துக்குள் பல ரவைகள் பாய வேண்டும். பழைய கட்லிங் ஒன்றுக்கு மின்மோட்டர் பூட்டிப் பரீட்சித்தார்கள். (கட்லிங்கே 1893இல் மோட்டர் இணைத்துப் பார்த்தவர்தான்.) அப்படிப் பிறந்த ஆறு குழல் வல்கன் பீரங்கி நிமிடத்துக்கு 6000 ரவை சுடும், கவச வாகனங்களிலும் ஏற்றப்பட்டது. அதன் சிறிய வடிவமான மினிகன்னில் மூன்றை ஒரு பழைய போக்குவரத்து விமானத்தின் பக்கவாட்டில் பொருத்தி, 1964 டிசம்பரில் வியட்நாமில் களமிறக்கினார்கள்.

நமது நாட்டு விமானப்படை 2000ஆம் ஆண்டில் வாங்கிய மிக்-27 விமானங்களிலும் ஆறு குழல் கொண்ட 30 மில்லிமீற்றர் பீரங்கி இருந்தது. அது சோவியத் வடிவமைப்பு. மோட்டரால் அல்ல, வெடிவாயுவின் அழுத்தத்தால் சுழல்வது.

கட்லிங்கின் நிய்யத்தை நாம் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் அவர் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும் ஆட்களை மட்டுமே எண்ணினார், முன்னால் நிற்பவர்களை எண்ணவில்லை. அப்படி முன்னால் நின்ற படையின் தலைவர்தான் நம்மிடம் வந்து, ஒரு பாடசாலைக்குத் துணை நின்று, 1901இல் எகிப்துக்குத் திரும்பினார். அடுத்த முறை பிள்ளைகளுக்கு ஒராபி பாஷாவைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுவோம்.