மருட்சி நோய் மருத்துவம்: மன்னார் வளைகுடாக் கரையில்

மருட்சி நோய் என்பது உண்மைக்குப் புறம்பான ஒரு நம்பிக்கை மாதக்கணக்கில் மனத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சான்றுக்கும் அசையாமல் நிற்கும் உளநோய். துணைவர் துரோகம் செய்கிறார், அக்கம்பக்கத்தார் கொல்லப் பார்க்கிறார்கள், தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று அது பல வடிவெடுக்கும். மக்கள் ‘சந்தேக நோய்’ என்பது இதில் ஒரு வகை. மற்ற காரியங்களில் தெளிவாக இருக்கும் இந்நோயாளிகள் தமக்கு நோய் என்றே ஏற்பதில்லை.

இதற்கான மருந்துகளின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. சர்ப்பகந்தி வேர் மனக்கொந்தளிப்பைத் தணிப்பதை 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினர். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டு பாரிஸில் டிலே, டெனிகர் இருவரும் குளோர்புரோமசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். 1958இல் ஹாலோபெரிடால் வந்தது. மூளை வேதிப்பொருளான டோபமைனின் வேகத்தைத் தணிப்பதே இவற்றின் பொதுவான வேலை.

மருந்து வந்த பிறகும் குடும்பங்கள் முதலில் போனது வழிபாட்டிடங்களுக்கே. தூத்துக்குடிக்கு வடகிழக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஏர்வாடி தர்காவுக்கு மதம் பாராமல் நோயாளிகளை அழைத்து வந்தார்கள். சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அவற்றில் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்தது.

ஆனால் வழிபாட்டிடமே தீங்கு என்று சொல்லிவிட முடியாது. தமிழகத்தில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராமும் சக ஆய்வாளர்களும் கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் 6 பேர் மருட்சி நோயாளிகள். மருந்தின்றியே அறிகுறி மதிப்பெண் சராசரியாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான்; ஆயினும் அச்சமின்றித் தங்க ஓர் இடம் கிடைப்பதன் பயனை அது காட்டியது. குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய ‘மருந்தும் துஆவும்’ முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது: தொழுகை தொடர, பக்கத்திலேயே மருத்துவர் மாத்திரை தருகிறார்.

ஒருகாலத்தில் மருட்சி நோய்க்கென்றே பிமோசைடு பரிந்துரைக்கப்பட்டது. இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை பரவலாகத் தரப்படுகின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். இந்நோய்க்கென்று நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு என்பதால், எது சிறந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. உடல் எடை, இரத்தச் சர்க்கரை, கைநடுக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கையை எதிர்த்து வாதாடாமல், தூக்கமின்மையையும் பயத்தையும் பற்றிக் கேட்டே மருத்துவர் பேச்சைத் தொடங்குவது வழக்கம். ஆலோசனைக்கு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாக அழைக்கலாம்.